கண்ணாடி இழைக் காரும் அதன் கீறல்களும்

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

உடைந்த கண்ணாடி ஒட்டாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அதே கண்ணாடியை உருக்கி, தலைமுடியினும் மெல்லிய இழையாக இழுத்து, பிசினில் தோய்த்துத் தகடாக்கிவிட்டால் அது உடைந்தாலும் ஒட்டும். முறையாக ஒட்டினால் உடைந்த இடமே தெரியாது. முறை தவறினால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் வாய் பிளக்கும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கைராசியில் இல்லை. வேதியியலிலும் இயற்பியலிலும் இருக்கிறது. கண்ணாடி இழையால் ஆன கார் உடலில் ஏற்படும் சிறு சேதங்களைச் சரிசெய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானே இந்தச் செய்தி என்று நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, பேருந்தின் முகப்பு, நம் கடற்கரையில் மீனவர்கள் ஓட்டும் பைபர் படகு ஆகிய பலவற்றுக்கும் உடல் இதே பொருள்தான். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கரையோர ஊர்களில் பைபர் படகுகள் பெருகியதை நாம் அறிவோம். காருக்குச் சொல்லும் மருத்துவம் பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

கார் உடலில் கண்ணாடி புகுந்த கதை

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 1953-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் செவர்லே நிறுவனத்தின் ‘கார்வெட்’ கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதன் உடல் முழுவதும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. அவ்வாண்டில் 300 கார்களே செய்யப்பட்டன. இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சுகள் மிகுந்த செலவு பிடிப்பவை. இலட்சக்கணக்கில் கார் செய்தால்தான் அச்செலவு ஈடாகும். கண்ணாடி இழைக்கோ எளிய அச்சே போதும். எனவே குறைந்த எண்ணிக்கையில் கார் செய்ய விரும்பியவர்கள் அனைவரும் இதை நாடினர். 1957-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் ‘எலீட்’ என்னும் காரில் தனிச் சட்டமே இல்லாமல் உடலையே கண்ணாடி இழையால் கட்டிக் காட்டியது. ரிலையன்ட் நிறுவனம் 1973-இல் ‘ராபின்’ என்ற மூன்று சக்கரக் காரையும், 1975-இல் ‘கிட்டன்’ என்ற நான்கு சக்கரக் காரையும் கண்ணாடி இழை உடலுடன் வெளியிட்டது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1970-களில் பெங்களூரில் ‘பாதல்’ என்ற மூன்று சக்கர வண்டி பைபர் உடலுடன் உருவானது. பின்னர் 1982-இல் சிபானி நிறுவனம் அதே ஊரில் ரிலையன்ட் கிட்டனைத் தழுவி ‘டால்பின்’ என்னும் காரை வெளியிட்டது. 848 கன சென்டிமீட்டர் எஞ்சின்; இரண்டு கதவுகள்; பைபர் உடல். மறு ஆண்டே, 1983 டிசம்பரில், இரும்பு உடல் கொண்ட மாருதி 800 வந்துவிட்டது. சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. டால்பின் இன்று தொழிற்சாலையில் உருவாவதில்லை. எஞ்சியிருக்கும் வண்டிகளுக்குப் புதிய மட்கார்டு கேட்டு வாங்கவும் வழியில்லை. ஆகவே அத்தகைய காரின் சொந்தக்காரருக்குப் பழுது பார்ப்பது சிக்கனம் மட்டுமல்ல; வண்டி பிழைக்க அது ஒன்றே வழி.

தகட்டின் உள்ளமைப்பு

வீட்டுச் சுவருக்குக் கம்பியும் கான்கிரீட்டும் எப்படியோ, பைபர் தகட்டுக்கு இழையும் பிசினும் அப்படியே. இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி இழை. அந்த இழைகளை இடம் பெயராமல் பிடித்து, ஒன்றின் சுமையை மற்றொன்றுக்குப் பகிர்ந்து கொடுப்பது பிசின். கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5, இரும்பின் அடர்த்தி 7.8. பிசினும் சேர்ந்த தகட்டின் அடர்த்தி சுமார் 1.5 மட்டுமே. அதனால்தான் வண்டி எடை குறைகிறது. துருவும் ஏறுவதில்லை.

கார் தகடுகளில் பெரிதும் பயன்படுவது துண்டு இழைப் பாய். சில சென்டிமீட்டர் நீளமுள்ள இழைத் துண்டுகளை எல்லாத் திசைகளிலும் தூவி, சிறிது பசையால் பிடித்து வைத்த பாய் அது. சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என எடைக் கணக்கில் கடையில் கிடைக்கும். 450 கிராம் பாய் ஓர் அடுக்கு பிசினில் ஊறி இறுகினால் ஏறத்தாழ 1 மி.மீ. கனம் வரும். மட்கார்டு போன்ற பாகங்கள் பொதுவாக 3 மி.மீ. அளவில் இருக்கும் என்பதால் மூன்று அடுக்கு என்று மனத்தில் கொள்ளலாம்.

இரும்புத் தகட்டில் அடிபட்டால் அது நெளியும். டிங்கர் வேலை செய்பவர் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார். பைபர் தகடு நெளிவதில்லை. சிறிய மோதலில் வளைந்து மீண்டுவிடும். எல்லை மீறினால் விரிசல் விடும். ஆகவே இங்கே தட்டி நிமிர்த்துவது என்ற பேச்சே கிடையாது. அறுந்த இழைக்குப் பதில் புதிய இழை வைத்தாக வேண்டும்.

பிசின் இறுகுவது எப்படி?

கடையில் வாங்கும் பாலியெஸ்டர் பிசின் தேன் போல் இருக்கும். அதில் பாலியெஸ்டர் சங்கிலிகள் ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைந்துள்ளன. ஸ்டைரீன் கரைப்பான் மட்டுமன்று. வினை தொடங்கியதும் அதுவே சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே பாலமாகிக் குறுக்குப் பிணைப்பை ஏற்படுத்துகிறது. பின்னர் அந்தத் திரவம் முழுவதும் ஒரே வலையாகிக் கெட்டிப்படுகிறது. இப்படி இறுகியதை மீண்டும் உருக்க முடியாது.

இவ்வினையைத் தொடங்கி வைப்பது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. பட்டறையில் இதை ‘கேட்டலிஸ்ட்’ என்பர். வினையின் போது இது செலவாகிவிடுவதால், கண்டிப்பாகப் பார்த்தால் இது வினையூக்கி அன்று, வினைத் தொடக்கி என்பதே சரி. இதைச் சாதாரண வெப்பநிலையில் வேலை செய்யத் தூண்டுவது கோபால்ட் உப்பு. பட்டறைப் பெயர் ‘ஆக்சிலரேட்டர்’. இவ்விரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். கோபால்ட்டை முதலில் பிசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த பிசினாகக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

பெராக்சைடின் அளவு 100 கிராம் பிசினுக்கு 1 முதல் 2 கிராம். நம் ஊர் மே மாத வெயிலில் 1 கிராம் போதும்; மார்கழிக் காலையில் 2 கிராம் வரை போகலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று அள்ளி ஊற்றினால் கிண்ணத்திலேயே சூடேறிப் புகையும். தகட்டில் வெடிப்புகள் விழும். மெதுவாக இறுகட்டும் என்று 1 கிராமுக்கும் கீழே குறைத்தால் பிசின் என்றைக்கும் முழுமையாக இறுகாது. இது வெப்ப உமிழ் வினை. ஒரே குவளையில் நிறைய கலந்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி வினை மேலும் விரையும். எனவே சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கலந்த பின் ஏறத்தாழ கால் மணி நேரமே கையில் உண்டு.

காயத்தின் வகை அறிதல்

நோய் நாடாமல் மருந்து கொடுப்பது தவறல்லவா? சிறு சேதங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மேற்பூச்சுக் கீறல். வண்ணமும் அதன் அடியிலுள்ள பிசின் பூச்சும் மட்டும் சிராய்ந்திருக்கும், இழை தெரியாது. இரண்டாவது, நட்சத்திர வெடிப்பு. ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் மயிரிழை போன்ற கோடுகள் ஓடும். உட்பக்கத்திலிருந்து ஏதோ இடித்ததாலோ, ஓர் ஆணியை அளவுக்கு மேல் முறுக்கியதாலோ, தகடு அடிக்கடி வளைந்து கொடுப்பதாலோ இது வரும். மூன்றாவது, தகட்டை ஊடுருவிய விரிசல் அல்லது துளை. விரலால் அழுத்தினால் இரு விளிம்புகளும் தனித்தனியே அசையும். பின்பக்கம் பார்த்தால் வெளுத்த இழைகள் தெரியும்.

நாணயம் ஒன்றால் தகட்டை இலேசாகத் தட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிடக் காதுக்குத் தெரியும் சேதம் பெரும்பாலும் அகலமாக இருக்கும். மந்தமாக ஒலிக்கும் எல்லை முழுவதையும் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். வண்டியின் முழுச் சுமையையும் தாங்கும் பாகத்தில், அல்லது இருக்கைப் பட்டை, சக்கரத் தாங்கி ஆகியவை பொருந்தும் இடத்தில் விரிசல் கண்டால் அது சிறு சேதமன்று. தேர்ந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

செய்முறை

முன் மட்கார்டில் 10 செ.மீ. நீளமுள்ள ஊடுருவிய விரிசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. துடைத்தல். முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் மெழுகையும் எண்ணெயையும் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இல்லையேல் மேலே இருக்கும் மெழுகைத் தேய்த்து உள்ளே ஏற்றியவர்களாவோம். வண்ணத்தை நீக்க இரசாயனப் பூச்சு நீக்கி வேண்டாம். அது பிசினையும் தின்றுவிடும்.

2. விரிசலை நிறுத்துதல். விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை இட வேண்டும். கூரிய முனையில் விசை குவிகிறது. வட்டத் துளையில் அது பரவுகிறது. ஆதலால் விரிசல் மேற்கொண்டு ஓடாது.

3. பின்பக்கம் கட்டுதல். உட்பக்கச் சேற்றையும் தாரையும் நீக்கி, விரிசலைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு 80-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். ஏற்கெனவே இறுகிய பழைய பிசினில் புதிய பிசின் வேதியியல் முறையில் சேர்வதற்கு அதிக இடமில்லை. சொரசொரப்பைக் கவ்விப் பிடித்தே அது நிற்கிறது. எனவே இந்த வேலையில் சோம்பல் கூடாது. விளிம்புகள் ஒரே மட்டத்தில் நிற்குமாறு முன்பக்கம் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, பின்பக்கத்தில் 20 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள இரண்டு பாய்த் துண்டுகளைப் பிசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். கணக்கு எளிது. இரண்டு துண்டுகளும் சேர்ந்து 400 சதுர செ.மீ.; 450 கிராம் பாயில் அது 18 கிராம். பாயின் எடையைப் போல் இரண்டரை மடங்கு பிசின் வேண்டும். அதாவது 45 கிராம். அதற்குப் பெராக்சைடு ஏறத்தாழ அரை கிராம் முதல் முக்கால் கிராம். கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குழலால் எடுக்க வேண்டும்.

4. முன்பக்கம் சரித்தல். பின்கட்டு இறுகிய பிறகு முன்பக்க விரிசலை வாய்க்கால் போல் அகழ வேண்டும். குழியின் ஓரங்கள் செங்குத்தாக இருக்கக் கூடாது. குளத்தின் கரை போல் சரிவாக இருக்க வேண்டும். தகட்டின் கனத்தைப் போல் 12 மடங்கு சரிவு என்பது நல்ல விதி. 3 மி.மீ. தகட்டுக்கு விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 36 மி.மீ. ‘இத்தனை சிறிய விரிசலுக்கு இவ்வளவு பெரிய குழியா?’ என்று முதலில் மனம் ஒப்பாது. ஆனால் பழைய இழையிலிருந்து புதிய இழைக்குச் சுமை மாறுவது இந்தச் சரிவின் வழியாகத்தான். சரிவு நீண்டால் ஒட்டும் பரப்பு பெருகும். விசை ஒரே கோட்டில் குவியாது.

5. அடுக்குதல். சரிவின் அளவுக்கு மூன்று பாய்த் துண்டுகளைப் பெரிது, நடுத்தரம், சிறிது என வெட்டிக்கொள்ள வேண்டும். பெரியதை முதலில் வைத்தால் அது சரிவு முழுவதையும் ஒரே வீச்சில் பற்றிக்கொள்ளும். பிசினைத் தடவும் தூரிகையை இழுக்கக் கூடாது; இழுத்தால் இழைகள் கலைந்துவிடும். குத்திக் குத்தி ஊறவைக்க வேண்டும். வெள்ளையாக இருக்கும் பாய் கண்ணாடி போல் தெளிந்தால் நன்றாக ஊறிவிட்டது என்று பொருள். வெண்புள்ளிகள் காற்றுக் குமிழிகள். ஒவ்வொன்றும் நாளைய விரிசலுக்கு வித்து. உருளையால் அழுத்தி அவற்றை விளிம்புக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். மேற்பரப்பு ஒரு நாள் கழித்தும் பிசுபிசுத்தால் அஞ்ச வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால் வருவது அது. அசிட்டோனால் துடைத்துத் தேய்த்துவிடலாம்.

6. மட்டமாக்குதல். இறுகிய ஒட்டை 80, 120 எண் தாள்களால், தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள பரப்பைவிட மயிரளவு தாழ்ந்திருக்கும்படி நிறுத்தி, அந்தப் பள்ளத்துக்கு மட்டும் பட்டி பூச வேண்டும். பிறகு 240, 400, 600 என்று படிப்படியாக நீர் விட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து வண்ணம் பூசலாம். பாலியெஸ்டர் இறுகும்போது சற்றுச் சுருங்கும். அவசரப்பட்டு மறுநாளே வண்ணம் அடித்தால், சில வாரங்களில் பாயின் தடம் வண்ணத்தின் வழியே தெரியும். ஒரு வாரம் பொறுத்தால் நல்லது.

துளை விழுந்திருந்தால், பின்பக்கம் பாலித்தீன் சுற்றிய அட்டையைத் தாங்கலாக வைத்து இதே முறையைப் பின்பற்றலாம். பாலித்தீனில் பிசின் ஒட்டாது. மேற்பூச்சுக் கீறலுக்குப் பாய் தேவையில்லை. தேய்த்துப் பட்டி பூசினால் போதும். நட்சத்திர வெடிப்புக்கோ, காரணத்தை முதலில் நீக்கிப் பின்பக்கம் ஓர் அடுக்குப் பாய் கட்டி, பிறகே மேற்கோடுகளை அகழ்ந்து நிரப்ப வேண்டும்.

எப்பாக்சிப் பிசினையும் பயன்படுத்தலாம். அது பழைய பரப்பை மேலும் நன்றாகப் பற்றும், சுருக்கமும் குறைவு, விலை அதிகம். ஆனால் பாயைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்சியில் கரையாது. ஆதலால் எப்பாக்சியுடன் நெய்த இழைத் துணியையே சேர்க்க வேண்டும். பின்னர் வெளிநாட்டுக் கார்களில், வெப்ப அச்சில் அழுத்திச் செய்த தகடுகள் வரத் தொடங்கின. அவற்றில் சாதாரண பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது, எப்பாக்சியே தக்கது.

பூசி மெழுகுவது பழுது பார்ப்பதன்று

பல இடங்களில் நடப்பது என்ன? விரிசலின் மேல் நேராகப் பட்டியைத் தடவி, தேய்த்து, வண்ணம் அடித்து வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். பட்டியில் இருப்பது பிசினும் சுண்ணத் தூள் போன்ற மாவும்தான், இழை இல்லை. அது குழியை நிரப்புமே தவிரச் சுமையைத் தாங்காது. கரடுமுரடான சாலையில் தகடு வளையும்போது பட்டி வளையாமல் வெடிக்கும். அந்த வெடிப்பில் நீர் புகும்; அடியிலுள்ள இழைகளை நீர் பற்றி ஓடிப் பிசினிலிருந்து பிரிக்கும். நகத்தால் கிள்ளியெறிய வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலை வருவது இப்படித்தான். பட்டி 3 மி.மீ.க்கு மேல் ஒருபோதும் போகலாகாது என்று விதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்கும் மூச்சுக்கும் காவல்

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. தகடு கெட்டால் மாற்றலாம். கண் கெட்டால் மாற்ற முடியாது. பெராக்சைடு ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை பறிபோகக்கூடும். அளக்கும்போதும் கலக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தெறித்துவிட்டால் அந்த நொடியே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் ஸ்டைரீனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகக் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்துள்ளது. மூடிய அறையில் இவ்வேலை கூடாது. தேய்க்கும்போது எழும் தூசியில் கண்ணாடி இழைத் துணுக்குகள் உண்டு. தோலில் அரிக்கும், தொண்டையிலும் மூச்சுக் குழலிலும் எரிச்சல் உண்டாக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. தூசிக்கு உரிய முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். இயன்ற அளவு நீர் விட்டுத் தேய்த்தால் தூசியே எழாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் கை கழுவ வேண்டும். வெந்நீர் தோலின் துளைகளை விரிக்கும் என்பது பட்டறையில் வழிவழியாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. அசிட்டோனும் ஸ்டைரீனும் எளிதில் தீப்பற்றுபவை. பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. பிசின் கலந்த துணியைக் குப்பையில் எறியாமல் நீரில் போட்டு வைக்க வேண்டும். அது தானே சூடேறும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் நம்மினும் வயதில் இளைய தம்பிகள் வெறுங்கையுடன், முகமூடி இன்றி, நாள் முழுதும் இந்தத் தூசியில் நிற்பதைக் காண்கிறோம். அவர்களுக்கு வேலை தெரியும். தூசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வகுப்பறையில் பெராக்சைடின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் கற்கும் நாம் அந்தச் செய்தியை அவர்களிடம் கொண்டு சேர்க்கக் கடமைப்பட்டவர்கள். அவர்களிடமிருந்து நாம் கற்கவும் நிறைய உண்டு. பாய் ஊறிய பதத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண்ணை எந்தப் பாடநூலும் தருவதில்லை.

இறுகிய பிசினை உருக்கி வேறொன்றாக வார்க்க முடியாது என்று முன்னரே கண்டோம். இரும்பாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போய் மீண்டும் உலைக்குச் செல்லும். தூக்கி எறிந்த பைபர் தகடு மண்ணில் கிடந்து மக்கவும் மக்காது. இப்படிப்பட்ட பொருளைச் செய்து பயன்படுத்தும் நமக்கு, அதைச் செப்பனிட்டு நெடுநாள் உழைக்க வைக்கும் பொறுப்பும் உண்டு. அசிட்டோனும் உப்புத்தாளும் கொஞ்சம் இழைப்பாயும் அளவறிந்த பிசினும், அவற்றோடு ஒரு வாரப் பொறுமையும் இருந்தால் அந்தப் பொறுப்பை நாமே நிறைவேற்றலாம்.